தடத்தில் பிறரோடு நீந்துவது எப்படி?

கேள்வி: 25 மீட்டர் நீளமுள்ள உள்ளரங்கக் குளத்தில் நீந்திப் பழகியவள் நான். இப்போது திறந்தவெளியில் உள்ள 50 மீட்டர் பொது நீச்சல் குளத்துக்குச் செல்ல விரும்புகிறேன். ஒரே தடத்தில் பலர் நீந்தும்போது அவர்களுக்கு இடைஞ்சலாகிவிடுவேனோ என்று தயக்கமாக இருக்கிறது. எவற்றைக் கவனிக்க வேண்டும்?

பதில்: தயங்காமல் செல்லுங்கள். மெதுவாக நீந்துவதால் யாருக்கும் தொல்லையில்லை; பிறர் எதிர்பாராத இடத்தில் நின்றுவிடுவதால்தான் மோதல் நேர்கிறது. ஆகவே இறங்குமுன் சற்று நேரம் கரையில் நின்று, எந்தத் தடத்தின் வேகம் உங்களுக்கு ஒத்துவரும், அங்குள்ளவர்கள் எந்தப் பக்கமாகப் போய் எந்தப் பக்கமாகத் திரும்புகிறார்கள் என்று பாருங்கள். இருவர் மட்டும் இருந்தால் தடத்தை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். மூன்றாமவர் வந்துவிட்டால், தடத்தின் ஒரு பக்கமாகப் போய் மறுபக்கமாகத் திரும்பிச் சுற்றி நீந்துவதே முறை. பல நாடுகளில் வலப்பக்கமாகவும் ஆஸ்திரேலியாவில் இடப்பக்கமாகவும் செல்வது வழக்கம் என்பதால், அறிவிப்புப் பலகையைப் படித்துவிடுங்கள். குதிக்காமல் மூலையோரமாக இறங்கி, நீந்தி வருபவர் உங்களைப் பார்த்த பிறகே புறப்படுங்கள். இளைப்பாறும்போதும் மூலையிலேயே ஒதுங்கி நில்லுங்கள்; சுவரின் நடுப்பகுதி திரும்புபவர்களுக்கு உரியது. பின்னால் வருபவர் உங்கள் பாதத்தை மெல்லத் தொட்டால் முந்திச் செல்ல வழி கேட்கிறார் என்று பொருள். வழியில் நிற்காமல் சுவர்வரை நீந்திப் போய் அங்கே விலகி வழிவிடுங்கள்.

1,000 மீட்டருக்கு 40 முறை நீளம் கடந்த உங்களுக்கு இனி 20 முறை போதும். ஆனால் இடையில் உதைத்துத் தள்ளச் சுவர் இருக்காது என்பதால், முதல் சில நீளங்களை வழக்கத்தைவிட நிதானமாக நீந்துங்கள். மல்லாந்து நீந்துபவராக இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: மேற்கூரையின் கோடுகளைப் பார்த்து நேராகச் செல்லப் பழகிய கண்ணுக்கு, வெட்டவெளி வானத்தில் பிடிமானம் எதுவும் கிடைக்காது. பக்கத்திலுள்ள மிதவைக் கயிற்றைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டு, சுவருக்கு 5 மீட்டர் முன்பாகக் குறுக்கே கட்டியிருக்கும் கொடிகளைக் கடந்ததும் எத்தனை கைவீச்சில் சுவரைத் தொடுகிறீர்கள் என்று எண்ணி வைத்துக்கொள்ளுங்கள். கொடிகள் கட்டாத குளத்தில் வேகத்தைக் குறைத்து, அவ்வப்போது திரும்பிப் பார்த்து நீந்துவதே பாதுகாப்பு.

நீரின் குளிர்ச்சியில் வெயில் உறைப்பதே தெரியாது. குப்புற நீந்துபவர்களுக்குப் பிடரியும் முதுகும்தான் முதலில் கன்றிப்போகும். நீரில் எளிதில் கரையாத சன்ஸ்கிரீனை இறங்குவதற்குக் கால் மணி நேரம் முன்பாவது பூசுங்கள். அதைப் பூசுவதற்கு முன் நன்றாகக் குளித்துவிடுங்கள். வியர்வையோடு குளோரின் சேரும்போது உண்டாகும் குளோரமின்தான் கண்ணெரிச்சலுக்கு முக்கியக் காரணம். இடிச்சத்தம் கேட்டால் உடனே கரையேறுங்கள். கடைசி இடி முழங்கி 30 நிமிடங்கள் ஆகும்வரை நீரில் இறங்க வேண்டாம்.