குழந்தைகளின் கல்லீரல், கணையம்: கீ-ஹோல் ஆபரேஷன் கேள்வி பதில்

கேள்வி (ஈரோடு, ஒரு தந்தை): நான்கு வயது மகளுக்கு அடிக்கடி வயிற்றுவலி. பித்தக்குழாயில் நீர்க்கட்டி என்கிறார்கள். துளை போட்டு நீரை மட்டும் எடுத்தால் போதாதா?

பதில்: போதாது. அது தனிக் கட்டி இல்லை, பித்தக்குழாயே உப்பியிருக்கிறது. இப்படிப்பட்ட பல குழந்தைகளுக்குப் பித்தக்குழாயும் கணையக்குழாயும் சேர வேண்டிய இடத்துக்கு முன்னாலேயே சேர்ந்துவிடும். கணைய நீர் மேலேறிக் குழாயின் சுவரைப் புண்ணாக்கும். வலி, காமாலை, கணைய அழற்சி எல்லாம் அதனால்தான். முன்பு கட்டியை எடுக்காமல் குடலோடு இணைத்துவிடுவார்கள். அவர்களில் சிலருக்குப் பல வருடம் கழித்து அங்கேயே புற்றுநோய் வந்தது. அதனால் இப்போது உப்பிய குழாயையும் பித்தப்பையையும் எடுத்துவிட்டு, சிறுகுடலில் ஒரு பகுதியைக் கல்லீரலடிக்குக் கொண்டுபோய்த் தைக்கிறோம்.

கீ-ஹோலில் இதைச் செய்த முதல் குழந்தையைப் பற்றி 1995ல் இத்தாலிய டாக்டர்கள் எழுதினார்கள். தொப்புள் துளை வழியாகக் குடலை வெளியே இழுத்து, வெட்டி இணைத்து, திரும்ப உள்ளே விடுவோம். கல்லீரலடியில் போடும் தையல் மட்டும் உள்ளேயே, திரையைப் பார்த்தபடி. குழாயின் வாய் சில மில்லிமீட்டர்தான். கசிந்தாலும் வம்பு, பிறகு சுருங்கினாலும் வம்பு. தழும்பு எவ்வளவு நீளம் என்று கேட்காதீர்கள். இதை எத்தனை குழந்தைகளுக்குச் செய்திருக்கிறீர்கள் என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (மதுரை): கீ-ஹோல் என்றால் லேசர் ஆபரேஷன்தானே?

பதில்: இல்லை. வயிற்றுக்குள் கரியமில வாயு செலுத்தி, கேமராவும் 3 அல்லது 5 மில்லிமீட்டர் கருவிகளும் விட்டுச் செய்வது. லேப்ராஸ்கோப் என்பதும் இதுதான். லேசருக்கு இதில் வேலையே இல்லை.

கேள்வி (சேலம், ஒரு தாய்): குழந்தைக்கு 35 நாள். கண் இன்னும் மஞ்சள். கீழாநெல்லி கொடுத்து, காலை வெயிலில் காட்டச் சொல்கிறார் மாமியார்.

பதில்: மலம் என்ன நிறம்? அதை எழுதவே இல்லையே. வெளிறியோ சுண்ணாம்பு மாதிரியோ இருந்தால், சிறுநீர் துணியில் மஞ்சள் கறை விட்டால், இன்றே குழந்தைகள் மருத்துவரிடம் போங்கள். மலம் மஞ்சளாக இருந்தாலும் இரண்டு வாரம் தாண்டிய காமாலைக்கு ரத்தத்தில் மொத்த பிலிரூபின் (மஞ்சள் நிறமி) மட்டும் போதாது, அதில் கல்லீரல் பதப்படுத்திய பகுதியான டைரக்ட் பிலிரூபினும் பார்க்க வேண்டும். அது 1 மில்லிகிராமைத் தாண்டினால் வெயில் ஒன்றும் செய்யாது. பித்தக்குழாய் அடைபட்டு அழிந்துபோகும் நோயா (பிலியரி அட்ரீசியா) என்று தேட வேண்டும். அதற்கான காசாய் ஆபரேஷனை (கெட்ட குழாயை எடுத்துவிட்டு, கல்லீரல் வாயிலில் குடலை நேராகத் தைப்பது) 60 நாளுக்குள் செய்தால் பலன் அதிகம், 90 தாண்டினால் மிகக் குறைவு. மாமியாரிடம் சண்டை வேண்டாம், கீழாநெல்லியும் வேண்டாம்.

கேள்வி (திருச்சி): எனக்கு 52 வயது, பித்தப்பையில் கல்...

பதில்: நான் குழந்தைகளைப் பார்ப்பவன், ஐயா. பொது அறுவை மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (நாகர்கோவில்): சைக்கிளிலிருந்து விழுந்த பையனுக்கு ஹேண்டில்பார் வயிற்றில் குத்தியது. வெளியே சின்னச் சிராய்ப்புதான். மறுநாள் முதல் வாந்தி.

பதில்: சிராய்ப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள். கணையம் முதுகெலும்பின் மேல் படுத்திருக்கிறது, ஹேண்டில்பார் அதை எலும்போடு வைத்து நசுக்கிவிடும். உடனே மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தத்தில் கணைய நொதிகளான அமைலேஸ், லைப்பேஸ் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் சிடி ஸ்கேன். பலருக்கு மருந்தும் ஓய்வும் போதும். பிறகு கணைய நீர் தேங்கிப் பை மாதிரி ஆகி, வற்றாமல் தொல்லை கொடுத்தால், அதை இரைப்பைக்குள் வடியும்படி திறந்துவிடலாம். எண்டோஸ்கோப்பில் அல்லது கீ-ஹோலில்.

கேள்வி (சென்னை, முதுநிலை மாணவர்): சார், நீர்க்கட்டிக்குக் கீ-ஹோல் சரி என்கிறீர்கள். காசாய் மட்டும் ஏன் திறந்துதான் செய்கிறீர்கள்?

பதில்: ஜெர்மனியில் காசாயைக் கீ-ஹோலில் செய்து பார்த்த ஹனோவர் ஆய்வு என்ன ஆனது, தம்பி? கீ-ஹோல் குழுவில் கல்லீரல் மாற்று இல்லாமல் சொந்தக் கல்லீரலோடு தேறிய குழந்தைகள் குறைந்ததால் பாதியிலேயே நிறுத்தினார்கள்.

அதே மாணவர்: அது 2011ல் வந்தது. ஜப்பானில் இன்றும் கீ-ஹோலில் செய்கிறார்களே. கேமராவில் பெரிதாகவும் தெரிகிறது. பிறகு கல்லீரல் மாற்று தேவைப்பட்டால் ஒட்டல்களும் (உள்ளே உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது) குறைவு.

பதில்: ஒட்டல் வாதத்தை ஏற்கிறேன். ஆனால் கல்லீரல் வாயிலில் நார்த் திசுவைச் சீவும் ஆழம்தான் காசாயின் உயிர். மேலோட்டமாகச் சீவினால் நுண்குழாய் திறக்காது, ஆழப்போனால் ஈரல் திசுவே காயப்படும். கேமரா பெரிதாகக் காட்டும், கைக்குத் தெரிவதைக் காட்டாது. வருடத்துக்கு மிகச் சில காசாய் செய்யும் இடத்தில் அதை லேப்ராஸ்கோப்பில் பழகக்கூடாது என்பது என் கட்சி. கீ-ஹோல் வேண்டுமா? தானம் தரும் பெற்றோருக்குச் செய்யுங்கள். அப்பா அம்மாவின் இடப்பக்க ஈரல் துண்டை லேப்ராஸ்கோப்பில் எடுத்து, இதே நோயுள்ள குழந்தைகளுக்கு வைத்ததைப் பாரிஸ் குழு 2002லேயே எழுதிவிட்டது. 1998ல் டெல்லியில் இந்தியாவின் முதல் வெற்றிகரமான குழந்தைக் கல்லீரல் மாற்று நடந்தது காஞ்சிபுரத்துக் குழந்தைக்கு. அதுவும் இதே நோய்தான்.

அதே மாணவர்: அப்படியானால் நிறையச் செய்யும் மையத்தில் சரி என்கிறீர்களா?

பதில்: அங்கே, கணக்கை ஒளிக்காமல் வெளியிட்டால், சரி.

கேள்வி (தஞ்சாவூர்): 50 நாள் குழந்தை, காமாலை. மலம் வெள்ளையாகப் போகிறது. ஒரு வாரம் பார்க்கலாமா?

பதில்: சேலத்து அம்மாவுக்கு எழுதியதைப் படியுங்கள். ஒரு வாரம் இல்லை, ஒரு நாள்கூடப் பார்க்க வேண்டாம். கிளம்புங்கள்.

கேள்வி (விழுப்புரம்): லேசரில் செய்தால் தழும்பே வராதாமே?

பதில்: மதுரைக்காரருக்குச் சொல்லியாயிற்று. தழும்பு வரும், சின்னதாக.