நாட்குறிப்பில் பேதிக் கணக்கு எகிறுவது பற்றி

திருவாரூர் கிராமங்களில் தாய்மார் எழுதும் நாட்குறிப்பை வைத்து நீங்கள் நடத்தும் ஆய்வில், இரண்டு மாதக் குழந்தைகளில் பாதிப்பேருக்குப் பேதி என்று வருவது ஏன் என்று கேட்டிருந்தீர்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கு 'நாளில் மூன்று முறை இளக்கமாக' என்ற பேதி வரையறை மட்டும் போதாது. வழக்கத்தைவிடத் தண்ணீராக, அடிக்கடி போனதா என்பதுதான் கேள்வி. உங்கள் கணக்கு எகிறுவது பெரும்பாலும் இதைக் கேட்காததால்தான். அந்த வயதில் பால் குடித்த கையோடு மஞ்சளாக, நாளுக்கு ஆறேழு முறைகூடப் போகும்.

இன்னொன்று: நாட்குறிப்பில் 'மாந்தம்' என்றிருப்பதையெல்லாம் பேதியில் சேர்த்தீர்களா? கக்கினாலும் வயிறு உப்பினாலும் எங்கள் பக்கம் அது மாந்தம்தான். பாட்டி உரைமருந்து உரசிக் கொடுத்துவிடுவார், தாய் அதையும் குறித்துவைப்பார்.

இருபது பக்கங்களை உருவி, தாயிடமே மறுபடி கேட்டுப் பாருங்கள்: "எப்பவும் போறதுதானா, வேற மாதிரியா?" அப்புறம், நடுவில் இரண்டு நாளாவது பேதி இல்லாமல் இருந்தால்தான் அடுத்து வருவது புதுப் பேதி என்று கணக்கு. சில ஆய்வுகளில் அது மூன்று நாள்; எதுவென்று முன்பே எழுதிவையுங்கள்.

சளிக்கு இவ்வளவு குழப்பமில்லை. அழாத நேரத்தில் முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள்: இரண்டு மாதத்துக்குள் 60, அதன்பின் ஒரு வயதுவரை 50 தொட்டால் வேகமூச்சு.

ஆனால் மலத்தில் ரத்தம் இருந்தாலோ குழந்தை பால் குடிக்காவிட்டாலோ வரையறை பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றே மருத்துவரிடம் அனுப்புங்கள்.