மூன்று சினை ஊசி போட்டும் மாடு சினை நிற்கவில்லையா? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கறவை மாட்டின் சினைப் பிரச்சினை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். கால்நடை மருத்துவராகக் கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கியதில் தெரிந்ததைச் சொல்கிறேன். வந்ததில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: ஜெர்சி கலப்பு மாடு சார், இரண்டாவது ஈற்று. கன்று போட்டு நாலு மாதம், 12 லிட்டர் கறக்கிறது. மூன்று சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட்டாச்சு, சரியாக 21 நாளில் திரும்பப் பருவத்துக்கு வந்து கத்துகிறது. வைக்கோலும், தவிடு புண்ணாக்கு சேர்த்து மூன்று கிலோவும் வைக்கிறோம். ஊசியில் கோளாறா, மாட்டில் கோளாறா?

பதில்: தீவனத்தைத்தான் முதலில் பார்க்கணும். 21 நாளில் தவறாமல் திரும்பி வருகிறது என்றால் முட்டை வளரும் சினைப்பை வேலை செய்கிறது, ஆனால் கரு தங்கவில்லை என்று அர்த்தம். பருவத்தின்போது பின்பக்கம் வடியும் ஒழுக்கு கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளையாகவோ சீழாகவோ இருந்தால் கருப்பையில் நோய்த்தொற்று, அதற்கு வைத்தியம் வேறு. தெளிவாக இருந்தால் என் சந்தேகமெல்லாம் தீவனத் தொட்டி மேல்தான்.

கன்று ஈன்றதும் பால் மளமளவென ஏறும், ஆனால் மாடு தின்னும் அளவு அந்த வேகத்தில் ஏறாது, சில வாரம் பின்தங்கும். அந்தப் பற்றாக்குறையைத் தன் உடம்புக் கொழுப்பைக் கரைத்துத்தான் மாடு ஈடுகட்டுகிறது. ஒரு சினைமுட்டை இன்றைக்கு வெளிவருகிறது என்றால் அது வளரத் தொடங்கி இரண்டு மூன்று மாதமாவது ஆகியிருக்கும். மாடு உருகிக்கொண்டிருந்த நாட்களில் வளர்ந்த முட்டை, பிறகு ஊசி போடும்போது பலவீனமாக இருக்கும் என்று ஜாக் பிரிட் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1992-இல் சொன்னார். இது முழுக்க நிரூபணமான விஷயம் இல்லை, விவாதம் இருக்கிறது. ஆனாலும் ஈன்ற முதல் மாதத்தில் விலா எலும்பு துருத்திக்கொண்டு நின்ற மாடுகள்தான் மூன்றாம் மாதம் என்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட வைத்திருக்கின்றன.

சரி, என்ன செய்யலாம்? உடம்புக்கு ஒன்றரைக் கிலோ, அப்புறம் ஒவ்வொரு இரண்டரை லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ என்று கலப்புத் தீவனத்தைக் கணக்குப் போடுங்கள். உங்கள் மாட்டுக்கு ஆறு கிலோவுக்கு மேல் வருகிறது, நீங்கள் கொடுப்பது பாதி. நல்ல பசும்புல் கொடுத்தால் கொஞ்சம் குறைக்கலாம். புண்ணாக்கை மட்டும் கூட்டாதீர்கள், மாவுச்சத்து இல்லாமல் புரதம் மட்டும் ஏறினால் இரத்தத்தில் யூரியா கூடி அதுவும் சினையைக் கெடுக்கும். மக்காச்சோள மாவும் சேரணும். தினமும் 50 கிராம் தாது உப்புக் கலவை கட்டாயம், வைக்கோலையே நம்பியிருக்கும் மாட்டுக்கு இது இல்லாமல் முடியாது.

கேள்வி: எத்தனை மணிக்கு ஊசி போடணும் அண்ணா? காலையில் கத்தினால் உடனே ஆளைக் கூப்பிடுகிறோம்.

பதில்: அவசரம் வேண்டாம். காலையில் பருவம் தெரிந்தால் சாயங்காலம், சாயங்காலம் தெரிந்தால் மறுநாள் காலை. 1940-களில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் டிரிம்பர்கர் செய்த ஆராய்ச்சியிலிருந்து வந்த கணக்கு இது, இன்றும் நிற்கிறது. பருவம் முடிந்து 10 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் முட்டை வெளிவரும். கத்துவதை மட்டும் நம்பாதீர்கள், இன்னொரு மாடு மேலே தாவும்போது அசையாமல் நிற்கிறதா என்பதுதான் உறுதியான அடையாளம். அதிகம் கறக்கும் மாடு கொஞ்ச நேரமே அப்படி நிற்கும், அதுவும் பெரும்பாலும் இரவில். படுக்கும் முன்னால் டார்ச் எடுத்துக்கொண்டு ஒரு நடை கொட்டகைக்குப் போய் வாங்க.

கேள்வி: பால் அதிகம் கறக்க மாட்டுக்கு ரேஷன் அரிசிக் கஞ்சி வைக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இரைப்பையில் அமிலம் ஏறி மாடு செத்தே போகலாம். ஒரு கல்யாண வீட்டில் மிஞ்சிய சோற்றை ஒரு அண்டா வைத்துவிட்டார்கள், நான் போய்ச் சேர்ந்தபோது மாடு வயிறு உப்பிப் படுத்துக் கிடந்தது, தலையைத் தூக்கவில்லை. சாயங்காலத்துக்குள் போய்விட்டது. நிறைசினை வேறு.

கேள்வி: 30 மாதக் கிடாரி, இன்னும் பருவத்துக்கே வரவில்லை சார்.

பதில்: வயதை விடுங்கள், எடையைப் பாருங்கள். வளர்ந்த மாட்டின் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் வந்தால்தான் கிடாரி ஒழுங்காகப் பருவத்துக்கு வரும். தராசு வேண்டாம், தையல் டேப் போதும். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு, தோள்முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம், இரண்டும் அங்குலத்தில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோ வரும். 60 சுற்றளவு, 50 நீளம் என்றால் சுமார் 273 கிலோ. குறைவாக இருந்தால் முதலில் குடற்புழு நீக்கம், அப்புறம் தீனி, தாது உப்பு. எடை சரியாக இருந்தும் வராவிட்டால் மருத்துவரைக் கை நுழைத்துக் கருப்பையைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள், கருப்பை வளராத பிறவிக் குறையாகவும் இருக்கலாம்.

கேள்வி: பெண் கன்று மட்டும் பிறக்கும் ஊசி உண்மையா?

பதில்: உண்மைதான், பத்தில் ஒன்பது பெண் கன்று. பெண் கன்று தரும் விந்தணுவில் மரபுப்பொருள் ஏறக்குறைய 4 சதவீதம் கூட, அதை வைத்துக் கருவியில் பிரிக்கிறார்கள். அப்படிப் பிரித்து விந்து அடைத்த ஊசிக் குச்சியில் விந்தணு எண்ணிக்கை மிகக் குறைவு, அதனால் சினை பிடிப்பதும் குறையும். நல்ல எடையுள்ள கிடாரிக்குப் போடுங்கள். மூன்று முறை தவறிய மாட்டுக்குப் போட்டுக் காசை விடாதீர்கள்.

கேள்வி: பருவத்தை வரவழைக்கும் ஹார்மோன் ஊசியைக் கடையில் வாங்கி நாங்களே போடலாமா?

பதில்: கூடாது. மாடு ஏற்கெனவே சினையாக இருந்தால் அந்த ஊசி கருவைக் கலைத்துவிடும். சத்தமில்லாமல் சினை பிடித்திருக்கும் மாடு எத்தனையோ உண்டு, பருவத்துக்கு வரவில்லையே என்று வீட்டுக்காரர் நினைத்துக்கொண்டிருப்பார். மருத்துவர் சினை பார்த்துவிட்டு, தேவை என்றால் அவரே போடட்டும்.