மடிக்கணினியில் கூட்டு ஹிக்ஸ்: எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கும் முதுகலை இயற்பியல் மாணவி நான். கூட்டு ஹிக்ஸ் மாதிரிகளை லாட்டிஸ் முறையில் (வெளியையும் காலத்தையும் புள்ளிக் கட்டமாக்கிக் கணினியில் கணக்கிடும் முறை) ஆராய்ந்து ஆய்வேடு எழுத விரும்புகிறேன். என்னிடம் சாதாரண மடிக்கணினி மட்டுமே உள்ளது. இது இயலுமா?

பதில்: இயலும். ஆனால் தொடக்கத்திலேயே ஃபெர்மியான்களை (குவார்க் போன்ற பருப்பொருள் துகள்களை) சேர்க்காதீர்கள் என்று வலியுறுத்திச் சொல்வேன்.

2012-இல் செர்னில் கண்டறியப்பட்ட ஹிக்ஸ், புதியதொரு வலிய விசையால் பிணைந்த கூட்டுத் துகளாக இருக்கலாம் என்பது 1984-இல் இயற்பியலாளர்கள் கப்லானும் ஜார்ஜியும் முன்வைத்த கருத்து. அதற்கான எளிய மாதிரிகளுள் ஒன்று, இரண்டு ஃபெர்மியான்கள் கொண்ட எஸ்யு(2) கேஜ் கோட்பாடு, அதாவது எஸ்யு(2) என்ற சமச்சீர்க் குழுவின் அடிப்படையில் விசையை விவரிக்கும் கோட்பாடு. அதில் சமச்சீர் தானாக முறிவதால் தோன்றும் ஐந்து கோல்ட்ஸ்டோன் துகள்களில் மூன்றை டபிள்யூ, இசட் துகள்கள் ஏற்றுக்கொள்ள, எஞ்சியவற்றில் ஒன்று ஹிக்ஸாகிறது.

நீங்கள் முதலில் ஃபெர்மியான் இல்லாத எஸ்யு(2) கோட்பாட்டை, இயற்பியலாளர் கென்னத் வில்சன் 1974-இல் வகுத்த வடிவில், திசைக்கு 8 புள்ளிகள் கொண்ட நாற்பரிமாண லாட்டிஸில் எழுதுங்கள். மொத்தம் 4096 புள்ளிகள், அடுத்தடுத்த புள்ளிகளை இணைக்கும் 16,384 இணைப்புகள். ஓர் இணைப்புக்கு நான்கு மெய்யெண்கள் என்றால் நினைவகத்தில் அரை மெகாபைட்தான் ஆகும். நான்கு இணைப்புகளால் ஆன மிகச்சிறிய சதுரமான பிளாக்கெட்டின் சராசரி, பீட்டா (விசையின் வலிமைக்கு எதிர்மாறான அளவுரு) சிறிதாக இருக்கையில் பீட்டா/4 என்பதையும், பெரிதாக இருக்கையில் 1−3/(4×பீட்டா) என்பதையும் நெருங்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தாத நிரலின் வேறெந்த முடிவையும் நம்பாதீர்கள்.

சமவாய்ப்பு எண்களால் கணக்கிடும் மான்டே கார்லோ முறையில் அடுத்தடுத்து வரும் அமைப்புகள் (எல்லா இணைப்புகளின் மதிப்புகள்) ஒன்றையொன்று சார்ந்தவை. அவற்றைத் தனித்தனி அளவீடுகளாக எண்ணினால் பிழை உண்மையைவிடச் சிறிதாகத் தெரியும். எனவே அந்தச் சார்பு மறைய எத்தனை படிகள் ஆகும் என்னும் தன்தொடர்புக் காலத்தைக் கணக்கிட்டு, அதைவிட நீளமான தொகுதிகளாகத் தரவைப் பிரித்து, ஒவ்வொரு தொகுதியாக விட்டுவிட்டுச் சராசரி காணும் ஜாக்நைஃப் முறையில் பிழையை மதிப்பிடுங்கள். ஆய்வேட்டின் தரத்தை இந்தப் பகுதியே தீர்மானிக்கும். வடகிழக்குப் பருவமழையில் மரம் சாய்ந்து மின்சாரம் போவது உங்கள் ஊருக்குப் புதிதல்ல. ஆகவே கேஜ் அமைப்போடு சமவாய்ப்பு எண் இயற்றியின் நிலையையும் அவ்வப்போது வட்டில் சேமியுங்கள்.

ஃபெர்மியான்களைச் சேர்த்தால் அதே லாட்டிஸில் ஃபெர்மியானின் இயக்கத்தை விவரிக்கும், 65,536 வரிசைகள் கொண்ட டிராக் அணியை ஒவ்வொரு படியிலும் தலைகீழாக்கித் தீர்வு காண நேரும். வில்சன் வகுத்த ஃபெர்மியான் வடிவில் ஒரு புள்ளிக்கு 4 சுழற்சிக் கூறு, 2 நிறம், 2 சுவை (ஃபெர்மியான் வகை) என்பதால் வரும் கணக்கு இது. ஃபெர்மியானின் நிறை குறையக் குறைய வேலை கூடும். அதற்கு ஹைரெப் போன்ற, லாட்டிஸ் கணக்குக்கான திறந்த நிரலும் பல கணினிகள் இணைந்த தொகுதியும் தேவை.

லாட்டிஸ் தருவது விகிதங்களை மட்டுமே, ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டில் நிறைகளை அல்ல. ஆகவே இறுதி அத்தியாயத்தில், வெளியான ஆய்வுகள் தரும் வெக்டர் துகள் (தற்சுழற்சி 1 கொண்ட பிணைந்த துகள்) நிறைக்கும், கோல்ட்ஸ்டோன் துகள்களின் ஆற்றல் அளவைக் குறிக்கும் சிதைவு மாறிலிக்கும் உள்ள விகிதத்தை எடுத்து, 246 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட்டால் (ஹிக்ஸ் புலத்தின் வெற்றிட மதிப்பு) பெருக்கி, வெற்றிட விலகல் கோணத்தின் (வெற்றிடம் மின்மெல்விசைச் சமச்சீர் முறியாத நிலையிலிருந்து விலகும் அளவு) சைனால் வகுத்து, கோணம் குறையக் குறைய அந்நிறை எப்படி உயர்கிறது என்று வரைபடம் வரையுங்கள். அந்த ஆய்வு சிதைவு மாறிலியை எந்த வரையறையில் தருகிறது என்பதை மட்டும் முன்கூட்டியே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.