பித்தப்பை எடுத்த பிறகு கசப்பு வாந்தி: தண்டையார்பேட்டை தம்பிக்கு

தம்பி, பித்தப்பை எடுத்து எட்டு மாசம் ஆச்சு, காலையில் மஞ்சளா கசப்பா வருது, பேன்டோபிரசோல் மாத்திரை ஒரு மாசம் போட்டும் கேக்கலைன்னு எழுதியிருந்தீங்க. எங்க அம்மாவுக்கும் இதேதான். ராயபுரம் வீட்டில் விடியக்காலம் வாஷ்பேசினில் பச்சையும் மஞ்சளுமா நுரை கிடக்கும். தண்ணி ஊத்தினாலும் கறை போகாது. நாங்க வெறும் "பித்தம்"னு எலுமிச்சம்பழம் கொடுத்தே ஒரு வருஷத்தை வீணாக்கினோம். அந்தத் தப்பை நீங்க பண்ணாதீங்க.

கல்லீரலில் சுரக்கும் பித்தநீரைப் பித்தப்பை சேத்து வச்சு, சாப்பிடும்போது சிறுகுடலுக்கு விடும். பை இல்லாதப்போ அது சொட்டுச் சொட்டா குடலில் இறங்கிக்கிட்டே இருக்கும். இரைப்பையின் கீழ்வாசல் சரியா மூடலைன்னா மேலே ஏறிடும். அம்மாவுக்கு முன்னாடி நடந்த அல்சர் ஆபரேஷனில் அந்த வாசலே பாதிச்சிருந்தது. உங்க மாத்திரை அமிலத்தை மட்டும்தான் குறைக்கும், பித்தநீரை நிறுத்தாது.

நாள்பட விட்டா இரைப்பை புண்ணாகும், உணவுக்குழாய் சுருங்கலாம், அதோட உள்சவ்வு மாறிப் புற்றுநோய் வரைக்கும் போகிற ஆபத்தும் உண்டு. அதனால எண்டோஸ்கோபி, அதாவது வாய் வழியா கேமரா குழாய் விட்டுப் பாக்கிற பரிசோதனை, கேளுங்க. ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் இரைப்பை குடல் பிரிவு இருக்கு, பக்கம்தானே. அர்சோடிஆக்சிகோலிக் அமிலம், சுக்ரால்ஃபேட் மாதிரி மருந்து உங்களுக்குத் தேவையான்னு அவங்களே சொல்வாங்க. நீங்களா கடையில் வாங்காதீங்க.

ரத்த வாந்தி, கருப்பு மலம், முழுங்கக் கஷ்டம், எடை குறையறது, இதில் ஒண்ணு இருந்தாலும் இன்னைக்கே கிளம்புங்க. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்குள்ள முடிச்சு, தலைமாட்டை உயர்த்திப் படுங்க.