தினமும் பழைய சோறு சாப்பிட்டால் குடல் பாக்டீரியா சுகரைத் தடுத்துவிடுமா?

அப்பாவுக்குச் சுகர், உங்களுக்கு 38 வயசு, ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்கிறீர்கள். குடல் பாக்டீரியாவுக்கும் சுகருக்கும் சம்பந்தம் உண்டு. ஆனால் பழைய சோறு மட்டும் காப்பாற்றாது.

நம்மால் செரிக்க முடியாத நார்ச்சத்து பெருங்குடலுக்குப் போகிறது. அங்கே பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைத்து அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்ற அமிலங்களாக்குகின்றன. பெருங்குடல் செல்களுக்கு முக்கியச் சாப்பாடே பியூட்டிரேட்தான். இந்த அமிலங்கள் ஜிஎல்பி-1 ஹார்மோனையும் தூண்டும். அது இன்சுலின் சுரக்கக் கைகொடுக்கும், பசியையும் மட்டுப்படுத்தும்.

ஆனால் பாக்டீரியாக்கள் செய்வதெல்லாம் நல்லதாகவே இருப்பதில்லை. ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்திலிருந்து சில பாக்டீரியாக்கள் இமிடசோல் புரோப்பியோனேட் என்ற பொருளைத் தயாரிக்கின்றன. சுகர்காரர்களிடம் இது கூடுதலாக இருப்பதையும், இன்சுலின் வேலையை இது கெடுப்பதையும் ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2018-இல் காட்டினார்கள்.

இனி உங்கள் பழைய சோறு. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு சிறு பங்கு செரிக்காத வகையாக மாறும். சிறு பங்குதான்! கும்பா நிறையச் சோறும் ஒரு துண்டு நார்த்தங்காயும் என்றால் சுகர் ஏறத்தான் செய்யும். சோற்றைப் பாதியாக்கி, முருங்கைக்கீரைத் துவட்டலும் அவித்த சிறுபயறும் வையுங்கள். தொலி உளுந்தில் கிண்டிய களி நல்லதுதான், ஆனால் அதில் போடும் கருப்பட்டியும் சர்க்கரையே (இதைச் சொன்னால் எங்கள் ஊரில் அடிக்க வருவார்கள்).

அப்பாவுக்கு இருப்பதால், வருஷத்துக்கு ஒருமுறை ஹெச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சுகரைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிடுங்கள்.