முதலில் மழைமானி, கடைசியில் காற்றுமானி

திருகோணமலை உப்புவெளியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கடற்கரையிலிருந்து 300 மீற்றர் தூரத்தில் வீடு. தம்பலகாமத்தில் இரண்டு ஏக்கர் வயல். வீட்டில் வைக்க ஒரு வானிலை நிலையம் வாங்க ஆசை. 40,000 ரூபாய்க்கு மேல் போக முடியாது. ஒரே கம்பத்தில் ஏழு கருவி என்று ஒருவர் விற்கிறார், எட்டு என்று இன்னொருவர் விற்கிறார். எதை வாங்கலாம்?"

சேர், அந்த ஏழு கருவிக் கம்பத்தை வாங்காதீர்கள். கருவி மோசம் என்பதால் சொல்லவில்லை. மழைமானி தாழ்வாக, வெளியான இடத்தில் இருக்க வேண்டும். காற்றுமானி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. வெப்பமானி கூரையின் சூடும் சுவரின் சூடும் படாத இடத்தில், ஆள் உயரத்தில் நிற்க வேண்டும். மூன்றையும் ஒரு கம்பத்தில் கட்டினால் எங்கே நட்டாலும் குறைந்தது இரண்டு கருவி பிழையான இடத்தில்தான் இருக்கும். பெரிய வெளி வளவு உள்ளவர்களுக்கு அது பரவாயில்லை. உப்புவெளியில் மதிலும் தென்னையும் பக்கத்து மாடி வீடும் இல்லாத வளவு எத்தனை இருக்கிறது? அதனால் தனித்தனி உணரிகளாக, ஒன்று ஒன்றாக வாங்குங்கள். காசும் அப்படித்தான் கட்டுப்படும்.

முதலில் மழை. எங்கள் ஊரில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து ஜனவரிக்குள் கொட்டி முடிந்துவிடும். உங்களுக்கு வயலும் இருப்பதால் மழை அளவுதான் மற்ற எல்லாவற்றையும்விடப் பயன்படப் போகும் எண். அதற்கு மின்சாரமே வேண்டாம். அளவுகோடு போட்ட, வாய் அகன்ற பிளாஸ்ரிக் மழைமானி ஒன்று போதும். ஆனால் கொள்ளளவைப் பார்த்து வாங்குங்கள். தோட்டக் கடைகளில் தொங்கும் சின்ன ஆப்பு வடிவ மானிகள் 40 மி.மீ. அளவிலேயே நிரம்பி வழிந்துவிடும். மாரியில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் எச்சரிக்கையில் "100 மில்லிமீற்றருக்கு மேல்" என்று எத்தனை முறை கேட்டிருப்பீர்கள்! அந்த ஒரு நாளுக்காகத்தான் மானியே வாங்குகிறோம், அன்றைக்கு வழிந்துவிட்டால் என்ன பயன்?

ஒன்றல்ல, இரண்டு வாங்குங்கள். ஒன்று வீட்டுக்கு, ஒன்று வயலுக்கு. ஐப்பசியில் இடியோடு வரும் மழை உப்புவெளியை நனைத்துவிட்டுத் தம்பலகாமத்தை எட்டிக்கூடப் பார்க்காது; மறுபக்கமும் நடக்கும். வீட்டு மழையை வைத்து வயலுக்குத் தண்ணீர்க் கணக்குப் போட்டால் ஏமாற்றம்தான். காலை 8.30க்குப் பார்த்து எழுதிவிட்டு ஊற்றிவிடுங்கள். திணைக்களமும் 8.30 முதல் மறுநாள் 8.30 வரைதான் ஒரு நாள் மழையாகக் கணக்கிடுகிறது, அதனால் உங்கள் எண்ணை அவர்களுடைய எண்ணோடு நேராக ஒப்பிடலாம். 1 மி.மீ. என்றால் ஒரு சதுர மீற்றருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். ஒரு ஏக்கருக்கு ஏறக்குறைய 4,000 லீற்றர். வயல்காரருக்கு அது போதும்.

வைக்கும் இடம்: மதிலோ மரமோ எவ்வளவு உயரமோ, அதைப்போல் இரண்டு மடங்கு தூரம் தள்ளி வையுங்கள். கூரைமேல் வைக்காதீர்கள். வாடைக் காற்றோடு மழை சாய்ந்து அடிக்கும்போது உயரத்தில் இருக்கும் மானியின் வாயைத் தாண்டித் துளிகள் பறந்துவிடும், அளவு குறைவாகக் காட்டும்.

பின்னர் காசு மிஞ்சி, மழை பெய்யும் நேரத்தையும் வேகத்தையும் தானாகப் பதிய ஆசைப்பட்டால் மின்னணு மழைமானி ஒன்றைச் சேர்க்கலாம். அதனுள்ளே சின்னச் சீசோப் பலகைபோல இரண்டு கிண்ணம் இருக்கும். ஒன்று நிரம்பினால் சாய்ந்து மற்றது மேலே வரும், ஒவ்வொரு சாய்வையும் கருவி எண்ணும். அடைமழையில் சாயும் அந்தக் கணத்தில் விழும் தண்ணீர் கணக்கில் வராது, ஆகவே பெருமழையில் கொஞ்சம் குறைத்தே சொல்லும். இன்னொன்று, எறும்பும் சிலந்தியும். கோடை முழுக்கச் சும்மா கிடந்த மானியில் புரட்டாதியில் பார்த்தால் புனலின் துவாரத்தில் வலை, கிண்ணத்தின் அடியில் எறும்பு மண். முதல் மழைக்கு முன் கழற்றிக் கழுவுங்கள். கழுவியபின் சரி பார்ப்பது லேசு. புனல் வாயின் விட்டம் 11 செ.மீ. என்றால் பரப்பு 95 சதுர செ.மீ. அப்படியானால் 95 மில்லிலீற்றர் தண்ணீர் 10 மி.மீ. மழைக்குச் சமம். போத்தல் மூடியில் ஊசித் துளை போட்டு, அந்த 95 மில்லியையும் அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்துச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். 10க்குப் பக்கத்தில் காட்டினால் சரி. 8 காட்டினால் கருவி சமமட்டமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அடுத்தது வெப்பமும் ஈரப்பதனும். மலிவான உணரிகூட இப்போது நன்றாகவே அளக்கிறது. கெடுப்பது வெயில். சோளகக் காலத்தில் கச்சான் என்ற மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் இங்கே 35 பாகை தாண்டுவது வழக்கம்தான், ஆனால் வெயிலில் மதிலில் ஆணியடித்து மாட்டிய கருவி 42 காட்டும். அது காற்றின் வெப்பம் இல்லை, மதிலின் வெப்பம். தட்டுத் தட்டாக அடுக்கிய வெள்ளைக் கவசத்துக்குள் உணரியை வைக்க வேண்டும். வாங்கும்போதே கவசமும் சேர்த்துக் கேளுங்கள். சீமெந்து முற்றத்தில் அல்லாமல் புல்லோ மண்ணோ உள்ள பக்கம், நிலத்திலிருந்து ஒன்றரை மீற்றர் உயரத்தில் நடுங்கள். சரியாக வைத்துவிட்டால் ஒரு காட்சி கிடைக்கும். ஆடி மாதத்தில் காலை முழுக்க மேற்கே இருந்து கச்சான் சுடச்சுட அடிக்கும், வரைபடம் ஏறிக்கொண்டே போகும், ஈரப்பதன் இறங்கும். மதியத்துக்குப் பிறகு கடற்காற்று உள்ளே நுழையும் கணத்தில் வெப்பம் சடாரென்று இறங்கும், ஈரப்பதன் பாயும். வேர்வை வரும் முன்பே கோடு சொல்லிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத கோடு அது.

காற்றின் அமுக்கத்தை அளக்கும் அமுக்கமானியைத் தனியாக வாங்க வேண்டியதில்லை, உணரிகளின் தகவலை வாங்க வீட்டுக்குள் வைக்கும் பெட்டியிலேயே இருக்கும். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிதாக வாங்கியவர்கள் பயப்படுவது இதில்தான். எங்கள் அகலாங்கில் அமுக்கம் நாளுக்கு இரண்டு முறை தானாக ஏறி இறங்கும். காலை 10 மணிக்கும் இரவு 10 மணிக்கும் உச்சம், மாலை 4 மணிக்கும் அதிகாலை 4 மணிக்கும் அடி. ஒரு நல்ல நாளிலேயே இரண்டு மூன்று ஹெக்டோபாஸ்கல் (அமுக்கத்தை அளக்கும் அலகு) இறங்கிவிடும். அதைப் பார்த்துவிட்டு "தாழமுக்கம் வருகிறதா?" என்று தொலைபேசி எடுப்பவர்கள் உண்டு. பெட்டியின் திரையில் வரும் மேகப் படம், மழைப் படம் எல்லாம் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்துத்தான் போடப்படுகிறது. குளிர்நாடுகளுக்குப் பொருந்தும் கணக்கு அது, இங்கே பொருந்தாது. அந்தப் படத்தை நம்பி நெல்லைக் காயப் போடாதீர்கள்.

பார்க்க வேண்டியது வேறு: இன்று மாலை 4 மணி அளவை நேற்று மாலை 4 மணி அளவோடு ஒப்பிடுங்கள். மூன்று ஹெக்டோபாஸ்கல் குறைந்திருந்தால் வானத்தைக் கவனியுங்கள், ஐந்து குறைந்திருந்தால் மற்ற வேலையை விடுங்கள். 2020 டிசம்பர் 2 அன்று புரெவிப் புயல் எங்களுக்கு வடக்கே கரையேறிய இரவில் நான் இதை நேரில் கண்டேன். நான்கு மணிக்குப் பிறகு வழக்கமாக ஏற வேண்டிய கோடு ஏறவேயில்லை. காற்று அப்போது பெரிதாகத் தொடங்கவில்லை, கோடு மட்டும் கீழேயே போய்க்கொண்டிருந்தது. ஆனாலும் வீட்டை விட்டு எழும்புவதா இருப்பதா என்ற முடிவைப் பெட்டியை வைத்து எடுக்காதீர்கள். அதற்குத் திணைக்களத்தின் அறிவித்தலும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கமும் இருக்கின்றன.

இனி உப்பு. 300 மீற்றர் என்று எழுதியிருக்கிறீர்கள், அது கடலுக்குள் இருப்பதுபோலத்தான். என்னுடைய முதல் கருவி இரண்டாவது மாரியைத் தாண்டவில்லை. திறந்து பார்த்தேன். பற்றரி தொடும் கம்பிச் சுருளில் பச்சையாகப் பூத்திருந்தது, திருகாணிகள் கறள் பிடித்துத் தலை தேய்ந்துபோய்க் கழற்றவே முடியவில்லை. உணரி நன்றாகத்தான் இருந்தது, இரண்டு சதத் தகடு அதைக் கொன்றுவிட்டது. அன்றிலிருந்து புதுக் கருவி வந்தவுடன் செய்வது இதுதான்: திருகாணிகளைக் கறள் பிடிக்காத எஃகு ஆணிகளாக மாற்றுவேன், பற்றரி முனைகளில் மெல்லியதாக வசிலின் தடவுவேன், வாடைக் காலத்தில் மாதம் ஒருமுறை கவசத்தை நல்ல தண்ணீரால் கழுவுவேன், உணரியை வெளியே எடுத்துவிட்டு. பற்றரி கசியும் முன்பே, வருடம் ஒருமுறை மாற்றிவிடுவேன்.

எந்தப் பெயரை வாங்குவது? அமெரிக்காவின் டேவிஸ் நல்ல கருவி, ஆனால் உங்கள் தொகைக்குள் வராது. மலிவு விலையில் சந்தையில் உள்ள பல பெயர்களுக்குள்ளே இருப்பது சீனாவின் ஃபைன் ஒப்செற் என்ற ஒரே நிறுவனத்தின் தயாரிப்பு. எக்கோவிற் என்ற பெயரில் உணரிகளைத் தனித்தனியாக வாங்கலாம், உங்களுக்குத் தேவை அதுதான்: உணரிகளிடமிருந்து தகவலை வாங்கி இணையத்துக்கு அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்று, வெளி வெப்ப உணரி ஒன்று. அடுத்த வருடம் மழைமானியும் மண் ஈர உணரியும் அதே பெட்டியோடு சேர்க்கலாம். ஒன்றை மறக்காதீர்கள். இவை 433, 868, 915 மெகாஹேர்ட்ஸ் என்று வெவ்வேறு அலைவரிசைகளில் வருகின்றன. பெட்டி ஒன்றிலும் உணரி வேறொன்றிலும் வாங்கினால் இரண்டும் ஒன்றையொன்று கேட்காது. வைஃபையும் 2.4 கிகாஹேர்ட்ஸ்தான் பிடிக்கும், ரவுட்டரில் அது திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கரண்ட் போனால் பதிவும் நிற்கும். புயல் இரவில்தானே கரண்ட் போகும்! ரவுட்டருக்கும் பெட்டிக்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று போடுவது புற ஊதாக் கதிர் உணரிக்குக் காசு கொடுப்பதைவிட நல்லது.

காற்றுமானியை இப்போதைக்கு விடுங்கள். முறைப்படி 10 மீற்றர் உயரத்தில், தடையில்லாமல் நிற்க வேண்டிய கருவி அது. தென்னைகளுக்கு நடுவே கட்டினால் தென்னையின் காற்றைத்தான் அளக்கும். மேல்மாடி கட்டும் நாளில் யோசிக்கலாம்.

மழைமானி இரண்டையும் புரட்டாதிக்குள் நட்டுவிடுங்கள். வயலைப் பார்த்துக்கொள்பவரிடம் ஒரு கொப்பியும் பென்சிலும் கொடுத்து, மழை இல்லாத நாளிலும் 0 என்று எழுதச் சொல்லுங்கள். வெறுமையாக விட்டால் மழை பெய்யவில்லையா, அவர் பார்க்கவில்லையா என்று தை மாதத்தில் தெரியாது.